‘ரோடு மோசம்’ என்று சொன்னால் போதுமா?



நமது இதழில் வரி, உரிமம், தராசு முத்திரை, கடன் பாக்கி என்று பல விஷயங்களைப் பற்றி அன்பர்கள் எழுதி வருகிறார்கள். நான் இம்முறை கிராமத்து மண் ரோட்டைப் பற்றி எழுத விரும்புகிறேன். “மளிகைக் கடைக்காரருக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கலாம். கிராமத்துக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியும், அதை வாங்கி விற்கும் சில்லறை வியாபாரியும் மாதந்தோறும் அந்த ரோட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். உடைந்த முட்டை, நனைந்த சர்க்கரை, முறிந்த ஸ்பிரிங் பட்டை, கூடுதல் வண்டி வாடகை என்று வேறு வேறு பெயரில் கட்டுகிறோம். பணம் கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் கணக்குக் கேட்பதற்கு முன்னால் நம்மிடம் கணக்கு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

ஓர் அம்மாள் கேட்ட கேள்வி

நான் கோவில்பட்டியில் மொத்த மளிகை வியாபாரம் செய்து வருகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு 1978-ல் தகப்பனார் கடையில் உட்கார்ந்தவன். அந்த நாளில் எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் கிராமங்களுக்கு எங்கள் சரக்கு மாட்டு வண்டியில்தான் போகும். பிறகு மினி லாரி வந்தது. 2005-க்குப் பிறகு நம் மக்கள் ‘குட்டியானை’ என்று செல்லமாக அழைக்கும் சிறிய வண்டி வந்தது. வண்டிகள் மாறினவே தவிர, விலக்கிலிருந்து ஊருக்குள் போகும் பல ரோடுகள் மண்ணும் கிராவலுமாகத்தான் இருக்கின்றன.

2022-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் லைன் வண்டி அப்படி ஒரு ரோட்டில் சிக்கிக்கொண்டது. 26 கிலோ அரிசிச் சிப்பங்கள், இரண்டு மூட்டை சர்க்கரை, மைதா, ஆட்டா எல்லாம் வண்டியில் இருந்தன. தார்ப்பாய் இருந்தும் பாதிச் சரக்கு நனைந்துவிட்டது. டிராக்டர் பிடித்து வண்டியை வெளியே இழுப்பதற்குள் இருட்டிவிட்டது. திரும்பி வந்த டிரைவர், “அண்ணாச்சி, அந்த ஊர் ரோடு மோசம். இனிமே வண்டி போகாது” என்றார். நானும் மறுவார்த்தை பேசவில்லை. லைன் நோட்டில் அந்த ஊர்ப் பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டேன்.

அந்த ஊரில் இரண்டு கடைகள் இருந்தன. அதன்பிறகு அவர்கள் விலக்கு வரை வந்து காத்திருந்து சரக்கை இறக்கிக்கொண்டு, மொபெட்டில் நாலைந்து நடையாக ஊருக்குக் கொண்டுபோனார்கள். மூட்டைக்குக் கூடுதல் செலவு விழுந்தது. விலையை ஏற்றினால் ஊர்க்காரர்கள் சந்தைக்குப் போய்விடுகிறார்கள். ஏற்றாவிட்டால் கடைக்காரருக்கு ஒன்றும் நிற்பதில்லை.

எட்டு மாதம் கழித்து, அந்தக் கடைகளில் ஒன்றை நடத்தி வந்த அம்மாள் எங்கள் கடைக்கு வந்தார். கணவர் காலமான பிறகு தனியாகக் கடையை நடத்தி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பாக்கியை முழுவதுமாக எண்ணி வைத்துவிட்டு, “கடையை எடுத்துட்டேன் அண்ணாச்சி. பேரேட்டுல என் கணக்கை முடிச்சிருங்க” என்றார். எனக்கு மனம் சங்கடமாகிவிட்டது. ரோட்டைக் காரணம் சொன்னேன். அப்போது அவர் கேட்டார்: “விலக்குலேருந்து எங்க ஊரு மூணு கிலோமீட்டரு. ஓடைக்கிட்ட அம்பது அடிதான் வண்டி மாட்டுற இடம். மத்த ரோட்டுல வண்டி எப்பவும் போகுதே. அந்த அம்பது அடிக்காகவா அண்ணாச்சி வண்டியை நிறுத்துனீங்க?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காரணம், அந்த ரோட்டை நான் கடைசியாகப் பார்த்துப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. டிரைவர் சொன்ன இரண்டு வார்த்தையை வைத்து ஒரு ஊருக்கு வியாபாரத்தை நிறுத்தியிருக்கிறேன். கடன் கொடுக்கும்போது பத்துப் பேரிடம் விசாரிக்கிற நான், ரோடு விஷயத்தில் ஒருவரையும் விசாரிக்கவில்லை.

நேரில் பார்த்தபோது

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். கட்டுமானப் பொறியியல் படித்த பையன். வண்டியை விலக்கிலேயே நிறுத்திவிட்டு மூன்று கிலோமீட்டரும் நடந்தே பார்த்தோம்.

முதல் ஒரு கிலோமீட்டர் கிராவல் நன்றாக இறுகி இருந்தது. அடுத்த பகுதியில் ரோட்டின் நடு முதுகு தேய்ந்து தட்டையாகிவிட்டது. அங்கங்கே மழைநீர் தேங்கிய தடம் தெரிந்தது. ஆனாலும் வண்டி போகக்கூடிய ரோடுதான். ஓடை கடக்கும் இடத்தில்தான் வில்லங்கம். குழாய்ப் பாலத்தின் வாயில் சீமைக்கருவேல முள்ளும் வண்டலும் அடைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் குழாய் வழியாகப் போக முடியாமல் ரோட்டின் மேலேறி, கிராவலை அரித்துவிட்டு, அடியில் இருந்த கரிசல் மண்ணில் ஊறியிருக்கிறது.

கரிசலின் குணம் நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். தண்ணீர் பட்டால் உப்பி இளகிவிடும். காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். காய்ந்த காலத்தில் கல்லைப்போல் நிற்கும் அதே இடம், மழையில் சக்கரத்தை அச்சு வரை விழுங்கிவிடும்.

பையன் டேப்பை எடுத்து அளந்தான். அந்த அம்மாள் சொன்னது சரியாகவே இருந்தது. ஐம்பது அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், முக்கால் அடி உயரத்துக்கு நிரப்பினால் 450 கன அடி வருகிறது. நம் கணக்கில் நாலரை யூனிட் கிராவல். இறுகும்போது குறையும் என்பதால் ஆறு யூனிட் வைத்துக்கொள்ளலாம். குழாய் அடைப்பை எடுத்து, பக்கத்தில் இன்னும் இரண்டு குழாய் போட்டால் போதும் என்றான். நாங்களும் ஊர்க்காரர்களும் பல வருடங்களாகக் கொடுத்து வந்த மனு என்ன தெரியுமா? “மூன்று கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை போட்டுத் தாருங்கள்” என்பதுதான். நிதி இல்லை, போக்குவரத்துக் குறைவு, பரிசீலிக்கப்படும் என்ற பதிலே ஒவ்வொரு முறையும் வந்தது.

ஏழு குறைகள்

மண் ரோட்டின் நிலையை அளப்பதற்கு முறை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். 1980களில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் இதற்கென்றே ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள். அதில் ஏழு குறைகளைப் பார்க்கச் சொல்கிறார்கள். முதலாவது, நடு மேடும் ஓரச் சரிவும் சரியாக இல்லாமை. இரண்டாவது, ஓரக் கால்வாய் இல்லாமை அல்லது அடைத்துக்கொண்டிருப்பது. மூன்றாவது, குறுக்கே வரிவரியாக விழும் மேடு பள்ளம். நான்காவது, புழுதி. ஐந்தாவது, குண்டு குழி. ஆறாவது, சக்கரத் தடத்தில் விழும் நீளப் பள்ளம். ஏழாவது, பிடிப்பில்லாமல் உதிர்ந்து கிடக்கும் சரளை. ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்று பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள்.

இந்த வரிசையில் தண்ணீர் விஷயங்கள் இரண்டும் முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். நாம் குண்டு குழியைத்தான் பார்க்கிறோம். குழி என்பது வந்த நோய்க்கு அடையாளம். தண்ணீர் வடியாததுதான் நோய். ஓரத்துக்கு வடியாத தண்ணீர் நடுவில் தேங்குகிறது. தேங்கிய இடம் இளகுகிறது. அதன்மேல் சக்கரம் ஏறிப் பள்ளமாகிறது. பள்ளத்தில் இன்னும் தண்ணீர் தேங்குகிறது. ஒரே மழைக்காலத்தில் நல்ல ரோடு நாசமாவது இப்படித்தான்.

நம் நாட்டு வழிகாட்டு விதிகளிலும் மண் ரோட்டுக்கு நூற்றுக்கு நான்கு முதல் ஐந்து வரை சரிவு வேண்டும் என்றிருக்கிறது. நம் பாஷையில் சொன்னால், ரோட்டின் நடுவிலிருந்து ஓரம் வரை ஆறு அடி இருந்தால், ஓரம் ஏறக்குறைய மூன்று முதல் மூன்றரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு நூலும் ஒரு அளவுகோலும் இருந்தால் கடைப்பையன்கூட இதை அளந்துவிடலாம்.

நம் கடையிலேயே இருந்த கணக்கு

இன்னொரு விஷயமும் எனக்கு வியப்பாக இருந்தது. “பெரியப்பா, உங்கள் சேத நோட்டைக் கொடுங்கள்” என்று பையன் கேட்டான். உடைந்தது, நனைந்தது, திரும்பி வந்தது எல்லாவற்றையும் தேதி, லைன் போட்டு எழுதி வைக்கும் நோட்டு அது. மூன்று வருட நோட்டைப் புரட்டினோம். சேதத்தில் பெரும்பகுதி இரண்டே இரண்டு லைன்களில் குவிந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த சரக்கு. பங்குனி, சித்திரையில் உடைந்த முட்டையும் ஒழுகிய எண்ணெய் டின்னும். கோடையில் ஏன் முட்டை உடைகிறது என்று பார்த்தால், அந்த லைனில் ரோட்டின் குறுக்கே வரிவரியாக மேடு பள்ளம். காய்ந்து உதிர்ந்த சரளையில் வண்டிகள் வேகமாகப் போகும்போது சக்கரம் துள்ளித் துள்ளி விழுந்து இந்த வரிகள் உண்டாகின்றன என்று பையன் விளக்கினான்.

ரோட்டைப் பற்றிய சாட்சி முழுவதும் என் மேஜை இழுப்பறையிலேயே இருந்திருக்கிறது. நான் அதை நஷ்டக் கணக்காக மட்டும் பார்த்து வந்திருக்கிறேன்.

வண்டி குறைவு என்ற பதில்

“அந்த ரோட்டில் எத்தனை வண்டி போகிறது?” என்பதுதான் எந்த அலுவலகத்திலும் கேட்கப்படும் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான். பொதுப்பணத்தைச் செலவு செய்கிறவர்கள் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் எப்போது எண்ணுகிறோம் என்பது முக்கியம். வைகாசி மாதத்து மதிய வேளையில் போய் நின்று எண்ணினால் நாலு மொபெட்தான் போகும். தை, மாசியில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும், அதையடுத்து மிளகாயும் வெளியே வரும் நாளில் நின்று எண்ணினால் கதை வேறு. அறுவடைக் காலத்திலும் எண்ண வேண்டும், சாதாரண காலத்திலும் எண்ண வேண்டும். மேலும், மழையில் போக முடியாத ரோட்டில் வண்டி குறைவு என்று சொல்வது, பூட்டிய கடையில் வியாபாரம் இல்லை என்று சொல்வதற்குச் சமம். எங்கள் வண்டியே அந்தக் கணக்கில் சேராமல் போனது ரோட்டால்தானே.

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பர் 25-ல் தொடங்கியது. சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்கு எல்லாக் காலத்துக்கும் ஏற்ற ஒரு சாலை என்பது அதன் குறிக்கோள். அதனால் பல ஊர்கள் பயன் அடைந்ததை யாரும் மறுக்க முடியாது. சாலை போட்ட ஒப்பந்ததாரரே ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும் என்ற நல்ல ஏற்பாடும் அதில் உண்டு. 2024 செப்டம்பரில் நான்காம் கட்டத்துக்கும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. ஆனால் ஊருக்கு ஒரு சாலை என்பது குடியிருப்போர் கணக்கு. லைன் வண்டிக்கு ஊருக்கும் ஊருக்கும் நடுவே உள்ள இணைப்பு ரோடும் வேண்டும். அது கெட்டுக்கிடந்தால் ஒவ்வொரு ஊருக்கும் மெயின் ரோட்டுக்குத் திரும்பி வந்து மறுபடியும் உள்ளே போக வேண்டியிருக்கிறது. டீசலும் நேரமும் இரட்டிப்பாகிறது. இந்த இணைப்பு மண் ரோடுகளைப் பற்றி நாம் பேசாவிட்டால் யார் பேசுவார்கள்?

இரண்டு ஆட்சேபணைகள்

நம் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது நண்பர்கள் இரண்டு ஆட்சேபணைகள் சொன்னார்கள்.

முதலாவது, “வரி கட்டுகிறோம், ரோட்டை அளப்பதும் நம் வேலையா?” என்பது. அளப்பது அரசாங்கத்தின் வேலைதான். ஆனால் அதிகாரிகள் வருடத்தில் ஒருமுறையோ இருமுறையோ அந்த வழியாகப் போவார்கள். நம் வண்டி வாரம் இரண்டு முறை போகிறது. தார் ரோடு மெல்லக் கெடும். மண் ரோடு ஒரே மழையில் தலைகீழாக மாறிவிடும். அதை அடிக்கடி பார்க்கிறவர் சொன்னால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது ஆட்சேபணை கனமானது. “கிராவல் போதும் என்று நாமே சொன்னால், தார்ச்சாலை எந்தக் காலத்திலும் வராதே?” என்கிறார்கள். இதை நானும் யோசித்தேன். ஊருக்குள் வீடுகளை ஒட்டிப் போகும் தெருவுக்குத் தாரோ சிமெண்டோ வேண்டியதுதான். அங்கே புழுதி கடைச் சரக்கையும் குழந்தைகளின் நெஞ்சையும் கெடுக்கிறது. ஆனால் வடிகால் சரியில்லாத கரிசல்மேல் போட்ட தார், இரண்டு மூன்று மழையில் பெயர்ந்து விடுவதை நாம் பார்த்திருக்கிறோம். கிராவல் ரோட்டைச் சுரண்டி மட்டம் செய்துவிடலாம். பெயர்ந்த தார் ரோட்டை அப்படிச் செய்ய முடியாது. அது மண் ரோட்டைவிட மோசம். முதுகும் வடிகாலும் குழாயும் சரியாக உள்ள கிராவல் ரோடுதான் நாளைய தார்ச்சாலைக்கு அஸ்திவாரம். ஆகவே இன்று இதைக் கேட்பது நாளைய உரிமையை விட்டுக்கொடுப்பது ஆகாது.

பிறகு நடந்தது

இடம், அளவு, குறை, தேவையான கிராவல் யூனிட், குழாய் எண்ணிக்கை, எங்கள் சேத நோட்டின் நகல், ஒரு வரைபடம் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு பக்கத்தில் எழுதினோம். 2023 அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் அந்த ஊரில் மிச்சமிருந்த கடைக்காரர் எழுந்து பேசித் தீர்மானமாகப் பதிய வைத்தார். அந்த மழைக்கு முன் வேலை நடக்கவில்லை. டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. பெரிய சாலைகளே அறுந்து போயின. எங்கள் ஐம்பது அடியும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

வெள்ளத்துக்குப் பிறகு சேதப் பட்டியல் எடுத்தபோது, அளவோடு தயாராக இருந்த எங்கள் இரண்டு பக்கம் உதவியது. 2024 சித்திரைக்குள் மூன்று குழாய் போட்டு, மேலே கிராவல் ஏற்றிவிட்டார்கள். எங்கள் வண்டி மீண்டும் போகிறது. ஆனால் அந்த அம்மாளின் கடை திறக்கவில்லை. அவர் இப்போது ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலைக்குப் போகிறார். 2022-லேயே நான் ஒரு நடை போய்ப் பார்த்திருந்தால் அவர் இன்றும் கடையில் உட்கார்ந்திருப்பாரோ என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வருகிறது.

செய்ய வேண்டியவை

நமது சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான்.

லைன் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு மொத்த வியாபாரியும் டிரைவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுக்க வேண்டும். மழைக்கு முன் புரட்டாசியில், மழைக்கு நடுவே, தை பிறந்ததும், கடுங்கோடையில் என்று வருடத்துக்கு நான்கு முறை ரோட்டைப் பார்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே வண்டியில், ஒரே மாதிரி பாரத்தோடு, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாமல் போய்ப் பார்க்க வேண்டும். அப்போதுதான் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ‘மோசம்’ என்ற வார்த்தை நோட்டில் வரக்கூடாது. விலக்கிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர், ஏழு குறையில் எது, எத்தனை அடி நீளம், எத்தனை அங்குல ஆழம் என்று எழுத வேண்டும். பக்கத்திலேயே ‘போகலாம்’, ‘பார்த்துப் போகலாம்’, ‘போகக்கூடாது’ என்ற மூன்றில் ஒன்றைக் குறித்தால் போதும்.

ஆவணி மாதக் கூட்டத்தில் இந்த நோட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, வட்டாரத்தில் முதலில் சரிசெய்ய வேண்டிய ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுப்போம். ஐம்பது இடம் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. அக்டோபர் 2 கிராம சபையில் அந்தந்த ஊர்ச் சில்லறை வியாபாரியே எழுந்து பேசட்டும். நாம் பின்னால் நின்று நோட்டைக் காட்டுவோம்.

கடைசியாக ஒன்று. ரோட்டைக் காரணம் காட்டி எந்த ஊர் லைனையும் நிறுத்துவதற்கு முன், முதலாளி ஒருமுறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று நாம் நமக்கே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வோம். இதற்கு மனுவும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.



— மொத்த மளிகை வியாபாரி, கோவில்பட்டி